வெந்நீர் ஊற்றில் காத்திருந்த அரசன்

புத்தகயை, நாளந்தா என்று பயணம் போகும் நம் தோழர்கள் ராஜகிருகத்துக்கும் போகிறார்கள். ரோப்காரில் ஏறி விசுவ சாந்தி தூபியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வைபார மலையடியில் இருக்கும் வெந்நீர்க் குளியல் துறையை எட்டிப் பார்ப்பதில்லை. ‘அது இந்துத் தீர்த்தம், நமக்கு அங்கே என்ன வேலை’ என்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. நம் வரலாற்றின் முக்கியமான பக்கம் ஒன்று அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறது.

சித்திரை மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டும் திருச்சுழிப் பக்கத்து ஆட்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் பீகார்க் குளிரில் அந்த நீரின் அருமை தெரிகிறது. சப்ததாராவில் வாய்கள் வழியே நீர் கொட்டுகிறது. பிரம்மகுண்டத்தில் சூடு ஏறக்குறைய 45 டிகிரி. சுற்றிலும் சந்நிதிகள், பண்டாக்கள், தட்சிணை. எதிரே விபுல மலையடியில் சூஃபி ஞானி மக்தூம் ஷரஃபுத்தீன் பெயரில் இன்னொரு ஊற்று. அங்கே முஸ்லிம்கள் நீராடுகிறார்கள். பூமிக்கடியில் எல்லாம் மழைத் தண்ணீர்தான். பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. எந்தத் தெய்வமும் அடுப்பு மூட்டவில்லை.

இந்த ஊற்றுகளுக்குப் பாலி நூல்களில் தபோதா என்று பெயர். விநய பிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. மகத அரசன் பிம்பிசாரன் தலைக்குக் குளிக்க வருகிறான். பிக்குகள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறான். அவர்களோ இருட்டும் வரை குளிக்கிறார்கள். அரசன் குளித்து முடிப்பதற்குள் நகரக் கதவு அடைபட்டுவிட, இரவு வெளியிலேயே தங்குகிறான். மறுநாள் விஷயம் அறிந்த புத்தர், அளவு தெரியாத பிக்குகளைக் கண்டித்து, அரை மாதத்துக்கு ஒருமுறைதான் குளியல் என்று விதி வகுக்கிறார். கோடை, நோய், வேலை, பயணம் ஆகியவற்றுக்குப் பிறகு விலக்கு தந்தார்.

அந்தச் சங்கத்தில் யார் இருந்தார்கள்? இதே மகதத்தில் வாடிய பூக்களைக் கூட்டி அள்ளிய குடியில் பிறந்த சுனீதர் பிக்குவானார். அன்று நீரில் அவர் நின்றாரா என்று நூல் சொல்லவில்லை. ஆனால், நீரில் நிற்பவர் எந்தச் சாதி என்று அரசன் கேட்கவில்லை. ஆட்களை விட்டு விரட்டவும் இல்லை. சங்கத்தையும் ஒரேயடியாகப் புனிதமாக்க வேண்டாம். எசமானனிடமிருந்து ஓடிவந்த அடிமைக்குத் துறவு தரக்கூடாது என்ற விதியும் அதே விநயத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் வறண்ட சீமையில் குடிதண்ணீர்க் குளத்துக்கு ஊருணி என்று பெயர். ஊர் உண்ணும் நீர். ஊர் வேறு, சேரி வேறு என்றான பிறகு அந்தப் பெயரே நம்மை வெளியில் நிறுத்திவிட்டது. கண்மாய் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் வேலை பல ஊர்களில் நம் தாத்தாக்களுடையது. மடையைத் தொடலாம், ஊருணிப் படியைத் தொடக்கூடாது! மகாடில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். குளத்தைத் திறந்துவிடும் நகராட்சித் தீர்மானம் 1924 முதலே இருந்தது, காகிதத்தில். அதன் பிறகும் வழக்கு 1937 வரை இழுத்தது.

அரசமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் ஆறு, ஓடை, ஊற்று, குழாய், குளிக்கும் துறை அத்தனையையும் 3(1)(இசட்ஏ)(ஏ) பிரிவில் கொண்டுவந்தது. மாணவத் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விவகாரத்தில் புகார் எழுதும்போது சாதிப் பெயர் சொல்லித் திட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊருணி, எந்தப் படித்துறை, எந்த நாள், தடுத்தது யார், அருகில் இருந்து பார்த்தது யார் என்று எழுதி, இந்தப் பிரிவையும் குறிப்பிட்டு, மனுவுக்கு ரசீது வாங்குங்கள்.