குத்தகைச் சீட்டு யார் கையில்?

சென்ற மாதம் நமது சங்கத்துக்கு ஓர் அம்மாள் வந்தார். கணவருக்கு இங்கே கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. ஊரில் நகையை விற்று, ஒன்றரை லட்சம் ரூபாயைக் கொடுத்து ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடித்தார்கள். மலையாளத்தில் இதைப் பணயம் என்பார்கள். மூன்றாம் வருஷம் வீடு விலையாகிவிட்டது. வாங்கியவர் சொல்கிறார்: "பணத்தை யாரிடம் கொடுத்தீர்களோ அவரிடம் கேளுங்கள், மாதக் கடைசியில் காலி செய்யுங்கள்." சீட்டு எங்கே அம்மா என்று கேட்டோம். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். சாட்சிக் கையெழுத்துகூட அதில் இல்லை.

படிக்காத ஜனங்கள், அப்படித்தான் ஏமாறுவார்கள் என்று சில பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். படித்தவன் எழுதிய சட்டத்தைப் படிக்காதவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது யார் கடமை? ஆகவே இங்கே சொல்லிவிடுகிறோம்.

வாடகை, குத்தகை, ஒத்தி எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பொருள் ஒருவனுடையது, அனுபவம் இன்னொருவனுடையது. எத்தனை காலம், என்ன பணம், யார் கையில் காகிதம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும். வீட்டுக்காரர்கள் பதினொரு மாதம் என்று எழுதி வாங்குவது இதிலிருந்து தப்பத்தான். ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் என்றால் இரண்டு சாட்சியும் பதிவும் வேண்டும். அது இல்லையென்றால் வீட்டின்மேல் நமக்குப் பிடி இல்லை. கொடுத்த பணத்தைக் கேட்டு நடையாய் நடக்க வேண்டியதுதான்.

குத்தகையே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. கையில் முதல் இல்லாதவன் பொருளை ஆள்வதற்கு அது ஒரு வழி. பணம் படைத்தவனும் குத்தகைக்குத்தான் எடுக்கிறான், ஆனால் எப்படி எடுக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

ரயில்வே ஆபீசில் காகிதம் புரட்டுகிற நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம். வாளையாறு வழியே போகிற கூட்ஸ் வண்டியைப் பார்த்து, இதெல்லாம் ரயில்வேயின் சொத்து என்று நினைக்கிறோம். 1986 டிசம்பரில் இந்திய ரயில்வே நிதிக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அது சந்தையில் கடன் வாங்கி எஞ்சினும் வேகனும் கோச்சும் வாங்கி, ரயில்வேக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விட்டு வந்திருக்கிறது. முதல் 15 வருஷத்தில் அசலும் வட்டியும் தீர்ந்துவிடும். அடுத்த 15 வருஷம் பேருக்கு ஒரு வாடகை. முடிவில் சொற்ப விலைக்கு வண்டி ரயில்வேக்கே வந்து சேரும். கொடுத்த பணம் ஒவ்வொரு வருஷமும் கணக்கில் ஏறுகிறது. நியாயமான ஏற்பாடுதான்.

இந்த நியாயம் ஏன் மலை ஏறவில்லை என்பதே நமது கேள்வி.

1877-ல் பூஞ்சாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தது. சுமார் 227 சதுர மைல். வருஷத்துக்கு 3,000 ரூபாய். காட்டை வெட்டித் தேயிலை நட்டது யார்? கங்காணி பின்னால் மலையேறிய நம் பாட்டன் பாட்டிகள். 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கேரளத்தில் குத்தகை முறையே ஒழிந்தது. உழுத குத்தகைக்காரர் நிலத்துக்கு உரியவரானார். பஞ்சாயத்துப் பகுதியில் குடிசை போட்டிருந்தவருக்குப் பத்து சென்ட் உரிமை வந்தது. உண்மையிலேயே மகத்தான சட்டம், நாம் அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தோட்டங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். லயத்தில் இருந்தவருக்கு அந்தப் பத்து சென்ட் எட்டவில்லை. 1971-ல் சட்டசபை தனிச்சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் நிலத்தை மீட்டது. அப்போதும் தேயிலைக்கும் அதைச் சார்ந்த தேவைக்குமாகச் சுமார் 57,000 ஏக்கர் கம்பெனி வசமே நின்றது.

"லயம் இலவசம்தானே, வாடகை வாங்குகிறோமா?" என்கிறார்கள். வீடு கொடுக்கிறோம் என்று சொல்லித்தானே கூலியைக் குறைத்தார்கள்? அந்தக் குறைந்த கூலிதான் வாடகை. நாலு தலைமுறையாகக் கட்டியாகிவிட்டது. வேகனுக்கு 15 வருஷத்தில் கடன் தீர்கிறது, லயத்துக்கு நூறு வருஷமாகியும் முதல் தவணைகூட வரவு வைக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேலை நின்றால் வீடும் போகிறது. மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் கொளுந்து எடுக்கப் போனால்தான் கூரை நிலைக்கும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. எழுபது பேர் போய்விட்டார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. தாங்கள் தேர்ந்தெடுக்காத இடத்தில், தங்களுக்குச் சொந்தமில்லாத சுவருக்குள் தூங்கியவர்கள்.

நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். சங்கக்காரர்கள் நாம் இத்தனை காலம் கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம். வீட்டைக் கேட்டபோது மரமத்துத்தான் கேட்டோம், பட்டா கேட்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

காகிதத்தை மாற்ற முடியாது என்று யாரும் பயம் காட்ட வேண்டாம். 1886-ல் எழுதிய பெரியாறு குத்தகை 999 வருஷத்துக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-ல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து அதை 30 ரூபாய் ஆக்கினார்கள். சர்க்காருக்குச் சர்க்கார் திருத்தலாமென்றால் தொழிலாளிக்கும் திருத்தலாம். வேலை செய்த வருஷங்களை வீட்டுக் கணக்கில் வரவு வை, ஓய்வு பெறும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான இடத்தில் மண்ணைப் பட்டாவோடு கொடு. இதுவே நமது கோரிக்கை.

கஞ்சிக்கோட்டுத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்தில் எல்லாருடைய வீட்டுச் சீட்டையும் பார்க்கப் போகிறோம். வாடகையோ, ஒத்தியோ, நாள் வாடகைக்கு ஓட்டுகிற ஆட்டோவோ, கையில் இருக்கிற துண்டுக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள். காகிதமே இல்லாதவர்கள் முதலில் வாருங்கள்.