சிகரெட் தாளும் ஓமின் விதியும்

(இளம் அறிவியல், இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஓமின் விதியை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத மாணவர் நம் துறையில் ஒருவரும் இரார். ரியோஸ்டாட்டை நகர்த்தி, அம்மீட்டரைப் பார்த்து, வரைபடத் தாளில் நேர்கோடு கிழித்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். அந்த நேர்கோடு நம் ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிகளில் எங்கே இருக்கிறது என்று எவரேனும் கேட்டால் விழிக்கிறோம். சென்ற ஆண்டு வரை நானும் விழித்தவன்தான்.

என் தந்தையார் சிறு சரக்கு வண்டி ஓட்டுபவர். உப்பிட்ட பச்சைத் தோலை ஏற்றிவந்து ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் இறக்குவது அவர் வேலை. ஓரிரவு பள்ளிகொண்டாவைத் தாண்டி மாதனூரை நெருங்கும்போது டாஷ்போர்டின் அடியில் கருகல் நாற்றம். அடுத்த நொடி முன்விளக்கு போயிற்று, பின்விளக்கும் போயிற்று. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைபேசி வெளிச்சத்தை ஆட்டியபடி சாலையில் பின்னோக்கி ஓடியிருக்கிறார். பின்னால் வந்த லாரி சில அடி தூரத்தில் நின்றதாம். வீட்டுக்கு வந்து இதை அவர் சொன்னபோது அம்மா சோறு போட்ட கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

காரணம் என்ன? முன்விளக்கு மங்கலாக எரிகிறதென்று, முன்பு யாரோ 100 வாட் விளக்குகள் இரண்டைக் கூடுதலாகப் பொருத்தியிருந்தார்கள். அவற்றுக்கான மின்சாரத்தைப் பழைய சுவிட்சிலிருந்தே இழுத்திருந்தார்கள். கணக்குப் போடுங்கள்: கூடுதல் விளக்குகள் 200 வாட், ஏற்கெனவே உள்ள இரண்டும் ஹைபீமில் 120 வாட், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 27 ஆம்பியர்! மெல்லிய வயரும் சிறு சுவிட்சும் இதைத் தாங்குமா? ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. 'போகிற ஃபியூஸ் எதற்கு?' என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை அதில் சுற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து ஃபியூஸ் எரிய மறுத்தது. ஆகவே வயர் எரிந்தது. ஒரே கட்டில் ஓடிய பின்விளக்கு வயரும் அதனோடு வெந்தது.

விடுமுறையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் கடையில் எடுபிடியாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவர். வயரைத் தொட்டுப் பார்த்து, "சூடு வந்தா கரண்டு வழியிலேயே செத்துப்போவுது தம்பி" என்பார். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கு என்று நாம் எழுதுவதை அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். நான் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்; பல்பில் 11.5 வோல்ட்தான். இரண்டு வோல்ட்தானே என்று எண்ணாதீர்கள். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். இந்த இழப்பில் 40 விழுக்காட்டு வெளிச்சம் போய்விடும். ஆக, பல்பு சிறியதல்ல, வழிதான் கெட்டிருந்தது. கூடுதல் விளக்கு தேவையே இல்லை! எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்வதைத் தவிர அவற்றால் வேறு பயன் இல்லை என்பது என் துணிபு.

இரண்டையும் கழற்றி எறிந்தோம். லோபீமுக்கு ஒன்று, ஹைபீமுக்கு ஒன்றாக ரிலே வைத்தோம். ரிலே என்பது 1830-களில் ஜோசப் ஹென்றி காட்டிய வித்தைதான்: சிறு மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை எழுப்ப, அது பெரிய மின்னோட்டத்தின் கதவைத் திறக்கும். பழைய சுவிட்சு இப்போது சுமப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. ரிலேயின் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து தடித்த வயர், 87-லிருந்து விளக்குக்கு, 86-இல் சுவிட்சு, 85-இல் எர்த். ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையிலுள்ள வயர் உராய்ந்து உடம்பில் பட்டால் காப்பாற்ற எவருமில்லை. ஒன்று போனால் எல்லாம் இருண்டுவிடாதா என்று தந்தையார் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இடப்பக்கம், வலப்பக்கம், பின்விளக்கு மூன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ் போட்டோம்.

பின்விளக்கு இன்னொரு பாடம் சொல்லிற்று. மின்சாரம் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்பு நீர் அந்தச் சட்டத்தில்தான் சொட்டுகிறது. எர்த் போல்ட்டு துருப்பிடித்து, சிவப்பு விளக்கு தணல்போல் மங்கிக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, பேட்டரி வரை தனி எர்த் வயர் இழுத்தோம். தோல் ஏற்றும் வண்டி எதுவாயினும் மழைக்காலத்துக்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

"பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளை வயர் சுரண்டுவதா?" என்று முதலில் முகம் சுளித்தவர் என் தந்தையாரேதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அவர் கனவு வேறு. அதை நான் குறை சொல்லேன். ஆயின் நம் ஆய்வகத்தைக் கேட்கிறேன்: ஓமின் விதிக்கு ரியோஸ்டாட் மட்டும்தானா? ஒரு பழைய முன்விளக்கு, ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ் பெட்டி மேசைமேல் இருந்தால் ஆகாதா? பருவத்துக்கு ஒரு நாள் அந்த அண்ணனைப் போன்றவர்களை அழைத்து அமரவைத்தால், அவர் விரலும் நம் மீட்டரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளுமே! துறை ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கருகிய அந்த வயரில் ஒரு விரற்கடை அளவை என் ரெக்கார்டு நோட்டில், ஓமின் விதிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு வருபவர் இதென்ன என்று கேட்பார், சொல்லுவேன்.