கதிரியக்கக் கழிவும் காயலான் கடையும்

பழைய கதிரியக்கப் பொருள்களைப் புதைக்காமல் மறுசுழற்சி செய்தால் அணுக்கழிவு குறையும் என்கிறார்கள். உண்மைதான். அந்தக் காலத்துப் புற்றுநோய் சிகிச்சையில் பயன்பட்ட ரேடியம்-226ஐச் சேகரித்து, அதிலிருந்து ஆக்டினியம்-225 என்ற புதிய மருத்துவ மூலப்பொருள் தயாரிக்க வழிசெய்யும் முயற்சியைச் சர்வதேச அணுசக்தி முகமை 2021இல் தொடங்கியது. இதை நாம் எதிர்க்கவில்லை. நம் கேள்வி ஒன்றுதான்: ஆய்வகத்தை விட்டு வெளியேறும் அந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது?

2010இல் தில்லி மாயாபுரியில் நடந்ததைப் பாருங்கள். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. காயலான் கடைத் தொழிலாளர்கள் விவரம் தெரியாமல் உடைத்தார்கள். எட்டுப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். கோபால்ட்-60இன் வீரியம் பாதியாக ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். 25 ஆண்டு கழித்தும் ஆளைக் கொல்லும் அளவுக்கு அதில் மிச்சம் இருந்தது.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004லேயே வந்துவிட்டன. விதி படித்தவர்களிடம் இருந்தது. ஆபத்து சுத்தியல் பிடித்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த நாட்டில் மறுசுழற்சி என்பது பெரும்பாலும் குப்பை பிரிப்பவர், பழைய இரும்பு உடைப்பவர் உழைப்புதான். திருவண்ணாமலையில் பௌர்ணமி முடிந்த காலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுத்தம் செய்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். புனிதத்தின் மிச்சமானாலும் விஞ்ஞானத்தின் மிச்சமானாலும் அள்ளும் கை ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே இது சாதிக் கேள்வியும்தான்.

தோழர்களே, இரண்டு வேலை செய்வோம். நம் ஊர்க் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் பயன்படாத கதிரியக்கப் பொருள் உள்ளதா, அதைத் திருப்பி ஒப்படைக்க என்ன ஏற்பாடு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மூன்று இதழ் கொண்ட கதிரியக்க எச்சரிக்கைக் குறியை ஒவ்வொரு காயலான் கடைக்கும் கொண்டுபோய்க் காட்டுவோம். அந்தக் குறி தெரிந்தால் தொடாதே, உடைக்காதே, விலகி நின்று தகவல் சொல் என்று எடுத்துச் சொல்வோம்.

கழிவு குறையட்டும். அதற்கு நம் மக்களின் உயிர் விலையாக வேண்டாம்.