கண் பார்த்தால் போதாது, கை பழக வேண்டும்!

டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்க வந்த மாஸ்டர், மெஷினே இல்லாமல் மூன்று மணி நேரம் பேசினால் எப்படி இருக்கும்? ஊரே சிரிக்கும்!

ஆனால் கம்ப்யூட்டர் படிப்பில் இன்று பல இடங்களில் அதுதான் நடக்கிறது. பெயர் "செயல்முறைப் பயிற்சி." மேடையில் ஒருவர் பேசுகிறார். திரையில் படம் ஓடுகிறது. மாணவர்கள் கைகட்டிப் பார்க்கிறார்கள். மாலையில் சான்றிதழ் கிடைக்கிறது. விரல் மட்டும் காலையில் வந்தபடியே வீடு திரும்புகிறது!

எடிட்டர் என்பது என்ன?

கம்ப்யூட்டரை வேலை வாங்கும் கட்டளைகளுக்குப் புரோகிராம் என்று பெயர். அதை எழுதும் பலகைதான் கோட் எடிட்டர். தச்சருக்கு உளி எப்படியோ, புரோகிராம் எழுதுபவருக்கு எடிட்டர் அப்படி.

1976-ல் பில் ஜாய் என்ற அமெரிக்க மாணவர் "விஐ" என்ற எடிட்டரை எழுதினார். அதில் எல்லா வேலையும் கீகளைத் தட்டியே நடக்கும். இன்று பலர் கையாளும் "விஷுவல் ஸ்டுடியோ கோட்" எடிட்டரை மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ல் வெளியிட்டது. அதற்கு விலை கிடையாது.

ஒரு தட்டு, நாற்பது திருத்தம்

ஒரு ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமில் ஒரே பெயர் நாற்பது இடத்தில் வருகிறது. அதை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் திருத்தினால் நேரம் போகும். ஒன்று விட்டுப்போனாலும் தகராறுதான்.

பெயரின் மேல் நின்று "எஃப் 2" கீயைத் தட்டி, புதுப்பெயரை அடித்தால் எல்லா இடத்திலும் மாறிவிடும். "ஆல்ட்" கீயுடன் மேல் அம்பை அழுத்தினால் ஒரு வரி அப்படியே மேலே ஏறும்.

சில லேப்டாப்பில் "எஃப்.என்." கீயையும் சேர்த்து அழுத்தினால்தான் "எஃப் 2" வேலை செய்யும். மேடைப் பேச்சில் இது வராது. கை வைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்!

"மூளை இருந்தால் போதாதா? குறுக்குவழி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். குறுக்குவழி மூளையைத் தராது. உண்மைதான். ஆனால் கை தடுமாறினால் ஓடுகிற யோசனை அறுந்து போகிறது. வேலைக்கான தேர்வில் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த தாயின் பிள்ளை, விடை தெரிந்தும் விரல் தெரியாமல் தோற்கலாமா?

எப்படி நடத்துவது?

கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கடலூரில் பெரியார் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு கம்ப்யூட்டர் அறை கிடைத்தால் போதும்.

இருபது பேருக்கு இருபது மெஷின் வேண்டும். நூறு குறுக்குவழி வேண்டாம், பத்து போதும். எடிட்டரை முதல் நாளே மெஷின்களில் ஏற்றிவிட வேண்டும். இருபது பேரும் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டில் இறக்கினால் பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். பழைய மெஷினாக இருந்தால், "விஐ" வழியில் வந்த "விம்" என்ற சிறிய எடிட்டர் போதும்.

பிறகு, பிழை நிறைந்த புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, "மவுசைத் தொடாமல் திருத்து" என்று சொல்ல வேண்டும். ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு அதே பயிற்சி. நேரம் குறைந்திருந்தால் அதுவே சான்றிதழ்!

பக்கத்து விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கிராமத்து மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி அளித்து வருகிறார்கள். அங்கே முடிவது இங்கே முடியாதா?

யாரை அழைக்கலாம்?

முதல் அரை மணிக்கு வெளியூர் நிபுணர் வேண்டாம். உள்ளூர் டைப்ரைட்டிங் மாஸ்டரை அழைக்கலாம். நிமிடத்துக்கு 30 வார்த்தை அடித்தால்தான் ஆங்கில லோயர் தேர்வு தேறும். அதற்காக, "ஏ, எஸ், டி, எஃப்" என்று நாள்கணக்கில் தட்ட வைத்து, கண்ணைக் கட்டினாலும் தவறாத விரல்களை உருவாக்கியவர் அவர். கம்ப்யூட்டர் அவருக்குப் புதிதாக இருக்கலாம். கையைப் பழக்கும் வித்தை அவருக்குப் புதிதல்ல.

கேட்டது மறக்கும். பார்த்தது மங்கும். விரல் படித்த பாடம் மட்டும் வேலைக்குப் போகும் நாளிலும் கூடவே வரும்!