ஒற்றைப் பிரதி

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் எரியோட்டில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். ஒன்று சம்பளம். இன்னொன்று, "தம்பி, ஹார்ட் டிஸ்க் ஓடமாட்டேங்குது, உள்ள இருக்கறத எடுத்துர முடியுமா?" முதல் கேள்வியைச் சிரித்துச் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் இருக்கும் பதில், "பாக்கலாம்ணே. நம்பிக்கை வச்சுக்காதீங்க."

கல்யாண போட்டோவைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற குடும்பத்திடம் கோபப்பட எனக்கு மனசு வராது. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் கோபமெல்லாம் படித்தவர்கள் மேல்தான். குறிப்பாக நம் ஆய்வாளர்கள், சேகரிப்பாளர்கள், பழைய பத்திரிகை இதழ்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்கிறவர்கள் மேல். "எல்லாத்தையும் டிஜிட்டல் பண்ணியாச்சு, இனி அழியாது" என்று மேடையில் சொல்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால், "என்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கு." ஒரே டிஸ்க், ஒரே பீரோ. அந்தச் சொல்லில் தொனிக்கும் பெருமிதத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பீரோவுக்குள் இருப்பது என்ன பொருள் என்று கொஞ்சம் பார்ப்போம். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் ஒரு தட்டு சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு. மேஜையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும். அதன்பின் 'டிக்... டிக்...' என்று சத்தம் வரும். நம்மவர்கள் உடனே என்ன செய்வார்கள்? திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் உடைந்த முனை தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். யூடியூபைப் பார்த்து ஃப்ரீசரில் வைத்து எடுத்தவர்களும் உண்டு; அதில் ஈரம் படிந்ததுதான் மிச்சம். "அதே மாடல்ல வேற டிஸ்க் வாங்கி போர்ட மாத்துனா ஓடும்" என்பது இன்னொரு வைத்தியம். பழைய டிஸ்க்குகளில் ஓடியிருக்கலாம். இப்போதெல்லாம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் இருக்கும் சிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றாவிட்டால் காரியம் நடக்காது.

முறையாகச் செய்கிறவர்கள் தூசியில்லா அறையில் டிஸ்க்கைத் திறந்து, அதே வகை டிஸ்க்கின் நல்ல முனைகளைப் பொருத்தி, எதையும் தேடுவதற்கு முன் முழுதாக ஒரு பிரதி எடுப்பார்கள். அப்புறம் அந்தப் பிரதியில்தான் வேலை. கவனியுங்கள், மீட்புக்காரர் செய்யும் முதல் வேலையே நகலெடுப்பதுதான். உரிமையாளர் சில நூறு ரூபாயில் முடித்திருக்க வேண்டிய வேலையை அவர் பல ஆயிரம் வாங்கிக்கொண்டு செய்கிறார். அப்போதும் உத்தரவாதம் கிடையாது. எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். அழித்த கோப்புகளின் இடத்தை 'ட்ரிம்' என்ற கட்டளையின்படி அதுவே பின்னணியில் துடைத்துவிடும். எந்த மென்பொருளாலும் அதன்பின் ஒன்றும் செய்ய முடியாது.

இதையெல்லாம் சொன்னால், "சரிப்பா, டெக்னிக்கல் விஷயம், இன்னொரு டிஸ்க் வாங்கிக்கறேன்" என்பார்கள். டிஸ்க் வாங்குவது பெரிய விஷயமே இல்லை. அடுத்தவரிடம் கொடுக்க மனசு வராததுதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மானாவாரிக் காட்டில் களையெடுக்கும்போது பாடிய பாட்டு, கவலை ஓட்டும்போது பாடிய பாட்டு, ஒப்பாரி என்று பத்து வருடமாகக் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்தவர். டிவிஎஸ் வண்டி, ஒரு ரெக்கார்டர், ஒரு டிஸ்க். உதவியாளரும் இல்லை, பல்கலைக்கழக நிதியும் இல்லை. அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. "அய்யா, ஒரு காப்பி நான் எடுத்து வச்சுக்கறேன்" என்று கேட்டேன். "கைமாறுனா எவனாவது தன் பேர்ல புஸ்தகம் போட்டுருவான் தம்பி" என்றார். அந்த டிஸ்க் போனது. திண்டுக்கல், மதுரை, சென்னை என்று மூன்று ஊர் போய்த் திரும்பியது. ஒரு கோப்புகூட வரவில்லை. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை ஏழு பாட்டுகள். பாடிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நச்சரித்ததால் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிவைத்தவை அவை. கொடுத்தது மட்டும் மிஞ்சியது. பாடியவர்களில் பலர் இப்போது இல்லை.

அவருடைய பயத்தை நான் கேலி செய்யவில்லை. தமிழில் அடுத்தவன் உழைப்பைத் தன் பேரில் போட்டுக்கொள்வது நடக்கிறதுதான். ஆனால் அதற்கு வழி உண்டு. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாக ஒருவரிடம் கொடுக்கலாம். அவரால் திறக்க முடியாது, காப்பாற்ற மட்டும் முடியும். இத்தனை வருடம் வெளியிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒரு நூலகத்தில் வைக்கலாம். திருடப்பட்ட பாட்டை என்றைக்காவது வழக்காடி மீட்கலாம். சுரண்டப்பட்ட தட்டிடம் எந்தக் கோர்ட்டில் போய் வழக்காடுவது?

நம்முடைய மரபு இதைப் பொறியாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தது. ஓலைக்குச் சில நூறு வருட ஆயுள்தான். பூச்சியும் ஈரமும் தின்பதற்குள் இன்னொரு ஓலையில் எழுதிக்கொண்டே இருந்ததால்தான் சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது. உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டார். ஒன்றில் செல்லரித்த வரி இன்னொன்றில் கிடைத்தது. ஒன்றில் இருந்த பிழையை மற்றது காட்டிக்கொடுத்தது. நாங்கள் இன்று செக்சம் என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறோம். பாடபேதம் பார்த்தவர்களுக்கு அந்த வேலை புதிதல்ல. ஒரே வீட்டில் ஒரே ஓலையாகப் பூட்டிக்கிடந்த நூல்கள் எத்தனையோ, அவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். எரித்தவர்களின் குற்றத்தை வேறு எதைச் சொல்லியும் குறைக்க முடியாது. ஆனால் அந்த இழப்பின் உள்ளே ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேறெங்காவது பிரதி இருந்த அச்சுநூல்களைப் பின்னால் தேடிச் சேர்க்க முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படித்தான்: முகப்பைச் சிதைக்காமல் யாருக்கும் கொடுங்கள் என்று ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதிவைத்தார்கள். அந்தத் தளம் நாளைக்கே மூடப்பட்டாலும் அந்த நூல்கள் எத்தனையோ பேருடைய கணினிகளில் இருக்கும். என் கணினியிலும் உண்டு.

"நான் கிளவுட்ல போட்டுட்டேன்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மடிக்கணினியோடு தானாக ஒத்துப்போகும் கணக்கு என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். சில நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான். பெரிய இடம் என்பதும் பாதுகாப்பு ஆகாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில் டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த சேமிப்பகம், 858 டெராபைட், அப்படியே போனது. அளவு பெரியது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள். பணமும் பொறியாளர்களும் இல்லாத நாடா அது? 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தபோது, அவர்களிடம் இருந்த ஐந்து வகை பேக்கப்பில் ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யவில்லை. சோதனைக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. திறந்து பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்றொரு கணக்கு உண்டு. அதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். நம் ஊர் ஸ்டுடியோக்காரர் புரிந்துகொள்ளக்கூடிய கணக்குதான். பேராசிரியர்களுக்குத்தான் புரியமாட்டேன் என்கிறது. ஆய்வேடு சோத்கங்கா தளத்தில் ஏறிவிடுகிறது. அதற்கு ஆதாரமான ஒலிப்பதிவுகளோ, நான் பார்த்தவரை, ஆய்வாளரின் வீட்டில் ஒரு பென் டிரைவில் கிடக்கின்றன. நாட்டார் வழக்காற்றில் பட்டம் தரும் துறைகள் வாய்மொழித் தேர்வு நாளில் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கட்டும்: பாட்டியின் குரல் எங்கே இருக்கிறது, இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறது? பெயரும் ஊரும் சொல்லத் தெரியாதவருக்குப் பட்டத்தை நிறுத்திவைக்கட்டும்.