கடன் கொடுத்தவன் கேள்வி கேட்கக் கூடாதா?

நிதி நிறுவனமொன்று வீழ்ந்ததும் நமது நாட்டில் ஒரே பல்லவிதான் ஒலிக்கும்: "வட்டிக்கு ஆசைப்பட்டார்கள், அனுபவிக்கிறார்கள்." வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்த ஓய்வூதியரை நோக்கிச் சொல்லப்படும் இந்த வார்த்தையைப் போன்ற அநியாயம் வேறில்லை.

நடந்தவற்றைப் பாருங்கள். 2002 ஒக்டோபரில் மூடப்பட்ட பிரமுக வங்கி, மத்திய வங்கியின் உரிமம் பெற்றது. 2008 டிசெம்பரில் சரிந்த கோல்டன் கீ நிறுவனத்துக்கு வைப்புகளை ஏற்கும் உரிமமே இருக்கவில்லை. செலிங்கோ குழுமத்தின் பெயர் மாத்திரம் இருந்தது. அந்தப் பெயரின் பொருட்டே செலான் வங்கியின் வாசல்களிலும் மக்கள் பதறியடித்துக் குவிந்தனர். மத்திய வங்கி தலையிட்டு, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் பிழைத்துக்கொண்டது. ஆனால் உரிமமும் நீண்ட வரலாறும் கொண்ட த ஃபினான்ஸ் கம்பனி பிழைக்கவில்லை; 2020 மே மாதத்தில் அதன் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது.

ஆக, பெயரும் பாதுகாப்பல்ல, உரிமமும் முழுப் பாதுகாப்பல்ல. "அரச வங்கி என்றால் பயமில்லை" என்போர், 2022 ஏப்ரலில் அரசே வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியதை மறந்துவிட்டார்களா?

நாம் வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு, காணி உறுதி, இரண்டு பிணையாளிகள் என்று துருவுகிறார்கள். நிலையான வைப்பு என்பது நாம் வங்கிக்குக் கொடுக்கும் கடன். அப்போது நாம் கேட்பது ஒன்றே ஒன்று: வட்டி எவ்வளவு?

கேட்க வேண்டியவை வேறு. முதலாவது, மூலதனப் போதுமை விகிதம். நட்டம் வந்தால் வைப்பாளரின் பணத்தைத் தொடுமுன் கரையவேண்டியது பங்குதாரரின் மூலதனம். 2019 முதல் வங்கிகள் பேணவேண்டிய மொத்த மூலதனம் குறைந்தது 12.5 வீதம், பெரிய வங்கிகளுக்கு அதனிலும் கூடுதல். இரண்டாவது, கொடுத்த கடன்களில் தவணை தவறியவை எத்தனை வீதம், அவற்றுக்கென ஒதுக்கிவைத்த தொகை எவ்வளவு என்பது. மூன்றாவது, நாளை பலர் ஒன்றாக வந்தால் கொடுப்பதற்குக் கையில் திரவச் சொத்து உண்டா என்பது. ஒரு காலாண்டுக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கவும் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளாக மூலதனம் தேய்ந்து, வாராக் கடன் வளர்ந்து, வட்டி மாத்திரம் பிறரைவிட உயர்ந்திருந்தால், அந்த உயர்வு தாராளம் அல்ல, பணத்துக்கான தவிப்பு.

வைப்புக் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். 2010இல் தொடங்கிய அத்திட்டத்தின் உச்சவரம்பு, 2021இல் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு அவ்வளவே. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதையும் சேர்த்து ஒரே இடத்தில் 50 இலட்சத்தை வைத்திருக்கும் தாய்க்கு அது என்ன ஆறுதல்?

வங்கிகள் கணக்குகளை வெளியிடத்தான் செய்கின்றன. பத்திரிகைப் பக்கத்தில், பூதக்கண்ணாடி கொண்டும் வாசிக்கமுடியாத எழுத்தில், கணக்காளருக்கு மாத்திரம் விளங்கும் மொழியில்! அந்த மூன்று விகிதங்களையும், சட்டம் கோரும் குறைந்தபட்ச அளவோடு சேர்த்து, ஒவ்வொரு கிளையிலும் வட்டிவீதப் பலகைக்குப் பக்கத்திலேயே தெளிந்த தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்க மத்திய வங்கி கட்டளையிடட்டும். அதைச் செய்யாதவரை, வைப்பாளரைப் பேராசைக்காரர் என்று ஏசும் தகுதி எவருக்கும் கிடையாது.