பேரைப் பார்க்காது, நம்பரைத்தான் பார்க்கும்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி போன வாரம் முகம் வாடி வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷ வேலை. ஆட்குறைப்பில் இவரும் போனார். பயன்படுத்திய லேப்டாப்பைக் குறைந்த விலைக்கு இவருக்கே கொடுத்திருக்கிறார்கள். கொடுக்குமுன் அதை டொமைனிலிருந்து எடுத்துவிட்டு, புதிதாக ஒரு லோக்கல் அக்கவுண்ட் போட்டுத் தந்தார்களாம். வீட்டில் திறந்தால் வெறும் திரை. "குழந்தை போட்டோ எல்லாம் போச்சு சார்" என்றார்.

டொமைன் என்பது, கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு மாதிரி. அதிலிருந்து எடுத்தால் பழைய பெயரில் உள்ளே போக முடியாது. ஆனால் சாமான்கள் அழிவதில்லை. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். அவருடைய பழைய பெயரில் ஒன்று இருந்தது. முதலில் அனுமதி இல்லை என்றது. 'கன்டினியூ' அமுக்கியதும் திறந்தது. போட்டோக்கள் பத்திரம்.

தமிழ் கீபோர்டு, டெஸ்க்டாப் அடுக்கு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் கிடைக்கவில்லை. விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை, நீளமான ஓர் எண்ணால் அறிகிறது. அதே பெயரில் புது அக்கவுண்ட் போட்டாலும் எண் வேறு, ஆளும் வேறு. ஒருவர் வேறு ஆபீசுக்கு மாறும்போது எஸ்.ஆர். புத்தகம் கூடவே போகாவிட்டால் என்ன ஆகும்? புதிதாகச் சேர்ந்தவர் கணக்குத்தான். முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

பழைய புரொஃபைலையே புது அக்கவுண்டுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்கூட உண்டு. பாஸ்வேர்டுகளை டொமைனில் இருக்கும்போதே எடுத்து வைத்திருக்கலாம். அரை மணி வேலை. இதை எடுப்பவர்தான் செய்து தர வேண்டும், வேலை போன மனுஷன் தலையில் கட்டக்கூடாது என்பது என் கட்சி.

நான் புதுச்சேரிக்காரன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. அதற்குப் பிறகும் நான் பிரெஞ்சு மீடியத்தில்தான் படித்தேன். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக் குடிமகன் என்று முடிவு செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஓர் ஊரையே கழற்றி மாட்டும்போது அவ்வளவு யோசித்தார்கள். ஒரு லேப்டாப்புக்கு அரை மணி கிடையாதா?

தம்பியின் பி.எஃப். பாஸ்வேர்டை எப்படியோ மாற்றிவிட்டோம். மெயில் மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஓ.டி.பி. போகும் நம்பர் கம்பெனி சிம். அதையும் கடைசி நாளில் வாங்கிக்கொண்டார்கள்.